சோலர் நம்முடையது, பின் இலக்கம் யாரிடம்?



எமது காரியாலயத்து முறைப்பாட்டுப் புத்தகத்தில் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, ஒழுகும் கூரை, உடைந்த பாதை என்பவை வழக்கமான விடயங்கள். கடந்த மழைக்காலத்திலிருந்து அவற்றோடு ஒரு புதிய முறைப்பாடும் வருகின்றது. “சோலர் பெட்டி போனோட சேர மாட்டேங்குது” என்பதே அது. முதல் தடவை இதைக் கேட்டபோது, இதுவும் சங்கத்துக்குரிய வேலையா என்று எங்களில் சிலர் சிரித்தோம். அது எங்களுடைய பிழை. ஏன் பிழை என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பிள்ளைமடுவத்தின் கூரையில் சோலர் தகடு இருக்கின்றது. பகலில் அது சின்னப் பிள்ளைகளின் இடம். மாலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கேதான் கூடுவார்கள். லயத்துக் காம்பராவில் ஆறேழு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கணக்குச் செய்ய முடியாது என்பது நமக்குத் தெரியும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் அந்த வெளிச்சம் நின்று போனது.

மின்குமிழை மாற்றினார்கள், எரியவில்லை. ஹோல்டரை மாற்றினார்கள், எரியவில்லை. பெட்டரிப் பக்கத்தில் சுவரில் பொருத்திய கொன்ட்ரோலரில் திரை கிடையாது, ஒரு சிறு விளக்கு மட்டும்தான். உள்ளே என்ன நடக்கின்றது என்று பார்க்க வேண்டுமானால் போனில் புளூடூத் மூலம்தான் பார்க்க வேண்டும். அதை முன்பு பார்த்துவந்த தம்பி கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார். போன் எடுத்துக் கேட்டால், “பின் நம்பர மாத்தி வச்சேன் அண்ணே, எழுதி வச்ச போன வித்துட்டேன், இப்ப ஞாபகம் இல்ல” என்றார். பூட்டிய கொம்பனியின் இலக்கத்துக்கு அழைத்தால் வேற்று மொழியில் பதில். கடைசியில் டவுனிலிருந்து வந்த ஒரு பாஸ், பெட்டியைத் திறக்காமலே, “பெட்டரி முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கணும்” என்று சொல்லிவிட்டு, வந்துபோன கூலியையும் வாங்கிக்கொண்டு போனார்.

புதுப் பெட்டரிக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்க்கத் தோட்டக் கமிட்டி தயாரானது. அப்போதுதான் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை கொன்ட்ரோலரின் பக்கவாட்டில், சுவரோடு மறைந்திருந்த சிறு ஸ்டிக்கரை டோர்ச் அடித்துப் பார்த்தது. “மாமா, இத ஏன் யாருமே பாக்கல?” என்று தலைவரிடம் கேட்டது. அதில் பூட்டைத் திறக்கும் இரண்டாவது இலக்கம் அச்சிட்டிருந்தது. அதைப் போட்டுப் பழைய பின்னை அழித்து, போனைச் சேர்த்தார்கள். பெட்டரி 12.7 வோல்ட் காட்டியது. அதாவது நிறைந்த பெட்டரி. மின்குமிழுக்குப் போகும் வழி மட்டும் “ஓஃப்” என்று இருந்தது. கொழும்புக்குப் போகுமுன் பழைய ஹோல்டரை மாற்றும்போது பாதுகாப்புக்காக அந்தத் தம்பியே அதை ஓஃப் செய்து, மறுபடி போட மறந்திருக்கின்றார். யாரும் களவு செய்யவில்லை, எதுவும் பழுதாகவில்லை. மூன்று வாரம் பிள்ளைகள் இருட்டில் இருந்தார்கள். நல்ல பெட்டரியைக் கழற்றி எறியவும், பல வீட்டு அரிசிக் காசைச் செலவழிக்கவும் ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

இதை நாம் தொழிலாளர் பிரச்சினை என்கின்றோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கின்றது என்பது நமக்கு எப்போதும் பெரிய கேள்வி. பை நிறை, தண்ணீர் நிறை என்று கழித்த பிறகு எத்தனை கிலோ நிற்கின்றது என்பதைக் கொழுந்தெடுத்தவர் தன் கண்ணாலே பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருக்கின்றோம். பார்க்க முடியாத இடத்தில் முழுப்பேர் அரைப்பேராகிப் போவதும் நமக்குத் தெரியும். சோலர் பெட்டியும் ஒரு தராசுதான். எவ்வளவு வெயில் வந்தது, எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது என்பதை அது எழுதி வைத்திருக்கின்றது. அந்தக் கணக்கைப் பார்க்கும் திறப்பு நமது கையில் இல்லையென்றால், வருகின்ற பாஸ் சொல்வதுதான் கணக்கு.

இந்த வெளிச்சத்தின் பெறுமதியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதுமே கரண்ட் போனது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண் சரிந்து பாதைகள் மூடின, கம்பிகள் அறுந்தன. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடிந்தால்தான், பக்கத்து டிவிசனில் உயிரோடு இருக்கின்றார்களா என்று கேட்கவும், அம்புலன்ஸைக் கூப்பிடவும் முடியும்.

ஆகவே போன் சேரவில்லை என்றால் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைமடுவத்துச் சுவரிலும் ஒட்டுங்கள்.

1. வெளிச்சம் வேறு, புளூடூத் வேறு. கொன்ட்ரோலர் தன் வேலையைப் போன் இல்லாமலே செய்யும். போன் அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல் மாத்திரமே. போன் சேரவில்லை என்பதற்காகப் பெட்டரியோ தகடோ பழுது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

2. பெட்டிக்கு உயிர் இருக்கின்றதா என்று பாருங்கள். பெரும்பாலான கொன்ட்ரோலர்கள் பெட்டரியிலிருந்துதான் சக்தி எடுக்கின்றன. பெட்டரி முற்றாக இறங்கியிருந்தால் புளூடூத்தும் அணைந்திருக்கும், போன் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. லித்தியம் பெட்டரிகள் மிகவும் இறங்கினால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே தூங்கிவிடும், சார்ஜ் ஏறத் தொடங்கினால்தான் விழிக்கும். பனி விலகி நல்ல வெயில் ஏறிய பிறகு மறுபடி முயலுங்கள்.

3. கிட்டப் போங்கள். புளூடூத் சில மீற்றர் தூரத்துக்கே நம்பிக்கையானது. தகரமும் இரும்புப் பெட்டியும் அதை மறைக்கும். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தேடினால் கிடைக்காமல் போகலாம். இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில், பெட்டிக்கு நேராக நில்லுங்கள்.

4. இன்னொரு போன் பிடித்திருக்கின்றதா? இப்படிப்பட்ட பல கருவிகள் ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். பக்கத்துக் காம்பராவில் யாராவது அதே செயலியைத் திறந்து வைத்திருந்தால் உங்களுக்கு வழி விடாது. முன்பு சேர்த்தவர்கள் எல்லோரும் புளூடூத்தை ஓஃப் செய்த பிறகு முயலுங்கள்.

5. செயலிக்குள்ளிருந்து சேருங்கள். ஹெட்செட் சேர்ப்பதைப் போல போனின் செட்டிங்ஸில் போய்த் தேடுவதுதான் பலர் செய்யும் பிழை. சோலர் கருவிகளில் பல அந்தப் பட்டியலில் தெரியவே தெரியாது. கருவிக்குரிய செயலியைத் திறந்து, அதற்குள்ளேதான் தேட வேண்டும். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுங்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் போட வேண்டாம்.

6. அனுமதி கொடுங்கள். அண்ட்ரொய்ட் 11 வரையான போன்களில் லொக்கேஷன் ஓஃப் ஆக இருந்தால் இவ்வகைக் கருவிகளைத் தேட முடியாது. புளூடூத் தேடலை வைத்து ஒருவர் இருக்குமிடத்தை ஊகிக்கலாம் என்பதால் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அண்ட்ரொய்ட் 12 முதல் “நியர்பை டிவைசஸ்” என்று தனியாக அனுமதி கேட்கும். தமிழில் வைத்திருந்தால் “அருகிலுள்ள சாதனங்கள்” என்று வரும். பயந்து “வேண்டாம்” என்று அழுத்தியவர்கள் செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து அனுமதியை மாற்றலாம். வேலை முடிந்ததும் லொக்கேஷனை ஓஃப் செய்துவிடுங்கள்.

7. பழைய உறவை அறுத்துவிட்டுச் சேருங்கள். நேற்றுவரை சேர்ந்த போன் இன்று சேரவில்லையென்றால், பின் இலக்கம் மாறியிருக்கலாம். போன் பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். புளூடூத் பட்டியலில் அந்தக் கருவியின் பெயர் இருந்தால் “ஃபொகெட்” அல்லது “அன்பெயார்” அழுத்துங்கள். போனை ஓஃப் செய்து மீண்டும் போட்டு, புதிதாகச் சேருங்கள். நாம் மேலே சொன்ன டிவிசனில் தலைவருடைய போன் இப்படித்தான் சரியானது.

8. பின் இலக்கத்தைத் தேடுங்கள். சில கருவிகளில் தொழிற்சாலை இலக்கம் 000000, சிலவற்றில் 1234. புதிய கருவிகள் சிலவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு, அது ஸ்டிக்கரில் இருக்கும். பின்னை மறந்தவர்களுக்காக இன்னொரு நீண்ட இலக்கத்தையும் சில கொம்பனிகள் ஒட்டியிருக்கின்றன. முன்புறம் இல்லையென்றால் பக்கவாட்டிலும், கீழும், கையேட்டின் பின் அட்டையிலும் பாருங்கள். கண்டவுடன் போட்டோ எடுங்கள்.

9. போன் மிகப் பழையதா? இக்கருவிகள் பயன்படுத்தும் குறைந்த சக்திப் புளூடூத், அண்ட்ரொய்ட் 4.3க்கு முந்திய போன்களில் இல்லை. பல செயலிகள் அதைவிடப் புதியதையே கேட்கும். இன்னொருவருடைய போனில் முயன்று பார்த்தால் குற்றம் போனிலா பெட்டியிலா என்று தெரிந்துவிடும்.

சேர்ந்த பிறகு எதைப் பார்ப்பது? முதலில் பெட்டரி வோல்ட். ஈயப் பெட்டரி ஒன்று, சார்ஜும் ஏறாமல் செலவும் இல்லாமல் ஓய்ந்திருக்கும்போது 12.7 அளவில் இருந்தால் நிறைந்திருக்கின்றது. 12.2 அளவென்றால் பாதி. 12க்குக் கீழே அடிக்கடி போனால் அதன் ஆயுள் குறையும். அடுத்து, வெயில் நேரத்தில் தகட்டிலிருந்து எத்தனை வட் வருகின்றது. வெயிலடித்தும் ஒன்றும் வரவில்லையென்றால் தகட்டில் இலை, பாசி, நிழல் உண்டா என்று கீழே நின்று பாருங்கள். மூன்றாவது, மின்குமிழுக்குப் போகும் வழி ஓன் ஆக இருக்கின்றதா. இவ்வளவு போதும். பெட்டரி வகை, சார்ஜ் வோல்ட் ஆகியவற்றை விளையாட்டுக்கும் மாற்ற வேண்டாம். ஈயப் பெட்டரிக்கு லித்தியம் என்று மாற்றி வைத்தால் பெட்டரி வீணாகிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கின்றோம். வயரைக் கழற்ற வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், ஈரக் கூரையில் ஏற வேண்டாம். வெயில் படும்வரை தகட்டில் மின்சாரம் இருக்கும், சுவிட்சை ஓஃப் செய்தாலும் இருக்கும். இன்வேர்ட்டரிலிருந்து வெளியே வருவது வீட்டுக் கரண்டைப் போலவே 230 வோல்ட், ஆளைக் கொல்லும். வயரிங் கோளாறால் லயம் எரிந்து, உடுத்த துணியோடு வெளியே நின்ற குடும்பங்களை நாம் பார்த்திருக்கின்றோம். போனில் பார்ப்பது நமது வேலை. வயரில் கை வைப்பது தெரிந்தவருடைய வேலை.

இந்தக் குறிப்புகள் ஒரு தடவை உதவும். ஆனால் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை வந்து ஸ்டிக்கரைத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று நாம் இருந்துவிட முடியாது. சோலர் கொடுப்பவர்கள் அதை எப்படிக் கொடுக்கின்றார்கள் என்பதில்தான் முதல் குறை இருக்கின்றது. தகட்டைப் பூட்டுகின்றார்கள், ரிப்பன் வெட்டுகின்றார்கள், படம் எடுக்கின்றார்கள். கையேடு ஆங்கிலத்தில். பின் இலக்கம், அன்றைக்குப் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு இளைஞனின் போனில். உத்தரவாதப் பத்திரம் தோட்டத்து ஒபிஸ் அலுமாரியில். நமது வாழ்க்கையில் இது புதிதல்ல. குடியிருக்கும் காம்பரா நமது பெயரில் இல்லை. கடிதம்கூடத் தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் பலருக்கும் வந்து சேர்ந்தது. 2016இல் கூரைச் சோலருக்காக அரசாங்கம் “சூரிய பல சங்கிராமய” திட்டத்தைத் தொடங்கியபோதும், சொந்தக் கூரையும் தன் பெயரில் மின் கணக்கும் உள்ளவருக்கே அது பொருந்தியது. இப்போது நமக்கென்று கொடுத்த பொருளின் திறப்பும் நமது கையில் இல்லாமல் போவதை ஏற்க முடியாது.

இதில் சங்கத்தின் பங்கையும் மறைக்கவில்லை. கையளிப்பு விழாக்களில் நாங்களும் மாலை போட்டுக்கொண்டு மேடையில் இருந்திருக்கின்றோம். “பின் இலக்கம் எங்கே, தமிழில் கையேடு எங்கே” என்று அன்றே கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

அரசாங்கமோ, தோட்ட நிர்வாகமோ, நன்கொடையாளரோ, யார் சோலர் கொண்டு வந்தாலும் தோட்டக் கமிட்டி பின்வருவனவற்றைக் கேட்க வேண்டும் என்று முன்மொழிகின்றோம்.

ஒன்று, போன் இல்லாதவரும் பார்க்கக் கூடியதாக, கருவியிலேயே திரை இருக்க வேண்டும். குறைந்தது எந்த விளக்கு எதைக் குறிக்கின்றது என்ற தமிழ்ப் பலகையாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, கையளிக்கும் நாளிலேயே டிவிசனைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் சொந்தப் போனைச் சேர்த்துக் காட்ட வேண்டும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். இளைஞர்கள் கொழும்புக்குப் போகின்றார்கள், அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் தோட்டத்திலே நிற்பவர்கள் பெரும்பாலும் நமது தாய்மாரும் அக்காமாரும். போன் எப்போதும் கணவன் அல்லது மகன் கையில் என்ற பழக்கத்தையும் இந்தச் சாக்கிலே கொஞ்சம் மாற்றுவோம்.

மூன்று, தொழிற்சாலை பின்னை மாற்றிவிட வேண்டும். 000000 என்று விட்டால், பக்கத்தில் வருகின்ற எவரும் உள்ளே போய்க் கை வைக்கலாம். புதிய பின்னும், மறந்தால் திறக்கும் இலக்கமும், கருவியின் தொடர் இலக்கமும் கமிட்டிப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். தலைவரிடம் ஒரு பிரதி, தலைவியிடம் ஒரு பிரதி. பொறுப்பு மாறும்போது புத்தகமும் கைமாற வேண்டும்.

நான்கு, உத்தரவாதப் பத்திரமும் பற்றுச்சீட்டும் கமிட்டியிடம் இருக்க வேண்டும். கையேடும், உதவிக்குக் கூப்பிடும் இலக்கத்தில் பேசுபவரும் தமிழில் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரச பணத்தில் வரும் பொருளுக்குத் தமிழ்க் கையேடு கேட்பது சலுகை கேட்பதாகாது. தனியார் கொம்பனி விற்ற பொருளில் ஏமாற்றம் இருந்தால் பற்றுச்சீட்டோடு எமது காரியாலயத்துக்கு வாருங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம்.

ஐந்து, புதுப் பெட்டரி வாங்கக் காசு சேர்க்குமுன், செயலியில் தெரியும் கணக்கைப் படம் பிடித்துக் கமிட்டிக் கூட்டத்தில் காட்ட வேண்டும். அதைக் காட்டாத பாஸுக்குக் கூலி கொடுக்க வேண்டாம்.

“சம்பளப் பேச்சுவார்த்தை இருக்க, போன் நோண்டுவதா சங்க வேலை?” என்று சில மூத்த தோழர்கள் கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானது. சம்பளப் போராட்டத்தை ஒரு நாளும் விடப் போவதில்லை. ஆனால் போராடி வாங்கிய சம்பளம் தேவையில்லாத பெட்டரிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் சங்க வேலை ஆகாது. தராசைப் படிக்கவும், சம்பளச் சீட்டைப் படிக்கவும் நமக்கு முந்திய தலைமுறை கற்றுக்கொண்டது. இந்தப் பெட்டியையும் நாம் படிப்போம்.

அந்த மேல் டிவிசனில் பெட்டரிக்கென்று காசு சேர்க்கவில்லை. பிள்ளைமடுவத்தில் வெளிச்சம் எரிகின்றது, பிள்ளைகள் படிக்கின்றார்கள். கமிட்டிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பின் இலக்கம் எழுதப்பட்டிருக்கின்றது. அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பு உங்கள் டிவிசனிலும் ஒருவர் டோர்ச்சோடு போய், பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்து, ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாருங்கள். கூட்டத்தில் முதல் விடயமாக அதை எழுதி வைப்போம்.